அவிழ்த்துக் கட்டிய வலை

அன்று காலை ஆஸ்பத்திரியின் இந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பெரிய டாக்டர், எங்கள் சிஸ்டர், விழிஞ்ஞத்து பத்ரோஸ், ஸ்ரீவராகத்து மாமா, நான். இல்லாதவர் ஒருவர்: பத்ரோஸின் மனைவி மரியம்மை. அந்த நேரத்தில் அவர் சாலைக் கம்போளச் சந்தையில் மீன்கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் அன்று வந்திருந்தால் நான் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லும்படி ஆயிற்று.

நீங்கள் இருவரும் அடுத்த வாரம் இந்த அறைக்கு உதவியாளர்களாக வருகிறீர்கள். மாநிலம் பிரிவதால், தோவாளைக்காரனாகிய நான் நாகர்கோவிலுக்குப் போகிறேன். சாவி, நூல்கண்டு, களிமண் தொட்டி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். பட்டியலில் எழுத முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. அதற்காக இந்தத் தாள்கள்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று உங்களையும் கேட்பார்கள். முதல் லீவில் ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார்.

"கை ஒடிஞ்சவனுக்கு டாக்டர் இருக்காரு. மருந்து குடுக்க கம்பவுண்டர் இருக்காரு. நீ என்ன செய்யுதே மக்கா?"

"அவங்களுக்கு வேலை குடுக்கேன்பா. நூல் சுத்த, மண்ணு பிசைய, பாய் முடைய."

"சீக்காளியையா வேலை வாங்குதே? சம்பளம் அவனுக்கா ஒனக்கா?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அவருடைய அப்பாவும் பத்திரம் எதுவானாலும் பெருவிரலைத்தான் வைத்தார்கள். மையில் தொட்டு உருட்டுவதைத் தவிர பெருவிரலுக்கு ஒரு பெருமை உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மற்ற நான்கு விரல்களுக்கும் எதிரே வந்து நிற்க அது ஒன்றால்தான் முடியும். அது வராவிட்டால் மனிதனால் ஒரு கவளம் சோறு உருட்ட முடியாது. இதை நான் கற்றது இந்த அறையில். கற்ற அன்று சாயங்காலம், நான் தங்கியிருந்த கரமனைக்கு நடந்து போகும் வழியெல்லாம் என் பெருவிரலையே மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் மாவுக்கட்டு போடும் அறை, மறு பக்கம் துணிக்கிடங்கு. நடுவில் ஒரு நீள மேசை. சுவர் முழுக்கக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு நோயாளியின் வேலை தொங்கும். சனிக்கிழமைதோறும், அந்த வாரம் முடிந்த இடத்தில் சிஸ்டர் ஒரு சிவப்பு நூலைக் கட்டுவார். வேலையில் சேர்ந்த அன்றே அவர் எனக்கு ஒரு விதி சொன்னார். அவர் பேசியது மலையாளம். நான் தமிழில் எழுதுகிறேன்.

"மோனே, அவர்கள் செய்ததை அவிழ்க்காதே, திருத்தாதே. கோணலாக இருந்தால் கோணலாகவே தொங்கட்டும்."

நான் தலையாட்டினேன். நோயாளியின் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவன் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

பத்ரோஸ் வந்தது சித்திரை மாதம். ஒரு பெரிய மீன் தூண்டில் கயிற்றை இழுத்த இழுப்பில், வலது உள்ளங்கையில் சுற்றியிருந்த கயிறு சதையை அறுத்து நரம்பு வரைக்கும் போயிருந்தது. பெரிய டாக்டர்தான் தைத்தார். காயம் ஆறிவிட்டது, கை திரும்பவில்லை. பெருவிரல் உள்ளங்கையின் ஓரத்தில் தனக்குச் சம்பந்தமில்லாதது போலக் கிடந்தது. சிஸ்டர் களிமண் கொடுத்தார், அவர் தொடவில்லை. பாய் முடையக் கொடுத்தார்; "இது பெண்ணுங்க பணி" என்றார். வலை பின்ன நூலும் மூங்கில் ஊசியும் கொடுத்த அன்றுதான் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேசையின் எதிர்ப்பக்கம் ஸ்ரீவராகத்து மாமா. ஒரு வியாபாரியிடம் முப்பது வருஷம் கணக்கெழுதியவர். வலது பக்கம் வாதம் வந்து, அப்போது சிலேட்டில் அ, ஆ எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு நாள், வலை என்றாலே மீன் கவிச்சி என்று மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் நாள் துண்டை எடுத்துவிட்டார்.

"ஓய் பத்ரோஸ், இது வலையா, எலி கடிச்ச கொசுவலையா? ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு சைஸா இருக்கே. இதுல திமிங்கிலமே வெளியில போயிடும்."

"சாமி எழுதின அட்சரத்தைக் காட்டிலும் கொள்ளாம். அதுக்க வாலு எங்க, தலை எங்க?"

"சும்மா இருமய்யா. அது 'ஆ'."

"ஆ! ஞான் நண்டுன்னு விசாரிச்சேன்."

மாமா சிரித்தால் வாய் ஒரு பக்கமாகத்தான் போகும். அந்த ஒரு பக்கச் சிரிப்போடு வலையின் மறுமுனையை இடது கையால் பிடித்துக் கொடுப்பார். பத்ரோஸ் முடிச்சுப் போடுவார். ஒரு முடிச்சுக்கு முதலில் முழுதாகக் கால் மணி நேரம் ஆனது. நூலை மடித்து, ஊசியை உள்ளே விட்டு, சுற்றி, பெருவிரலால் அமுக்கி இழுக்க வேண்டும். அந்த அமுக்கும் இடத்தில் எல்லாம் நழுவும். மறுபடி முதலிலிருந்து. நான் பக்கத்தில் கை கட்டி நின்றிருப்பேன். சும்மா நிற்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி, யாரும் நம்பமாட்டார்கள். பொழுது போகாமல் நானும் ஒரு நூலை எடுத்து அவரைப் பார்த்துப் பழகினேன். அவர் இடது கையால் காட்டிக் கொடுத்தார். பத்து நாளில் எனக்கு நன்றாக வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை. அவர் மாமாவைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே முடிச்சுப் போட்டார். கையைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஓரத்தில் கிடந்த பெருவிரல் மெல்லத் தலையை எடுத்து, உள்ளங்கையைக் கடந்து வந்து, நூலின் மேல் உட்கார்ந்தது. ஒரு கணம்தான், மறுபடி நழுவிவிட்டது. கோயிலில் நடை திறக்கும்போது கூட்டம் ஒன்றாக மூச்சை இழுக்குமே, அப்படி நான் மட்டும் இழுத்தேன்.

"எந்து பிள்ளே?" என்றார் பத்ரோஸ்.

"ஒண்ணுமில்லை அண்ணாச்சி. கெட்டுங்க" என்றேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சிஸ்டர் முகம் கறுத்து வந்தார். துணிக்கிடங்குக்கு இடம் போதவில்லையாம். இந்த அறையைக் கேட்கிறார்களாம். நோயாளிகள் வலையும் பாயும் பின்னுவது ஆஸ்பத்திரியா ஆலையா என்று யாரோ எழுதிவிட்டார்களாம். திங்கட்கிழமை பெரிய டாக்டர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார்.

என் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தது எனக்கு நினைவு வந்தது. முதல் நாள் வாத்தியார் எங்கள் நோட்டுகளை எல்லாம் வாங்கி, பிழைகளைத் தம் கையாலேயே அழித்துத் திருத்திவைத்தார். இன்ஸ்பெக்டர் மெச்சினார். பள்ளிக்கூடம் பிழைத்தது. எனக்குத் தெரிந்த பரீட்சை அதுதான்.

அன்று மத்தியானம் மரியம்மை வந்தார். கூடையை வாசலில் இறக்கிவைத்து, தலைச்சும்மாட்டை எடுத்து உதறினார்.

"சாறே, மழை தொடங்கியாச்சு. இனி எங்க கடப்புறத்துல நல்ல மீன் கோளு. இவரு என்னைப் போகவிடுன்னு வீட்டுக்கு ஆளுமேல ஆளு சொல்லி விடுதாரு. எனக்க ஆங்ஙளகூட, கூடப்பொறந்தவன்கூட, ஒரே கட்டுமரத்துல போறவரு. கை நழுவினா இவரு மாத்திரமில்ல, அவனும் போவான்."

"அதுக்குத்தான் பாக்கிறோம் அம்மா."

"ஒங்க நூலும் வலையும் எனக்குத் தெரியாது. நனைஞ்ச தோர்த்துத் துண்டை இந்தக் கையால பிழிஞ்சு காணிக்கட்டும். வெள்ளம் சொட்டினா விடுங்க. இல்லெங்கி விடண்டாம்."

சரி என்றேன். காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. மனதில் திங்கட்கிழமை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் கரமனை ஆற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்து அந்தத் தவறைச் செய்தேன். அறையின் சாவி என்னிடம்தான் இருக்கும். வலையைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தேன். கடைசி இரண்டு வாரத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அவிழ்க்கச் சிரமமே இல்லை. பாதி தாமாகவே அவிழ்ந்தன. அவிழ்த்த இடத்தில் நான் கட்டினேன், கண்ணெல்லாம் ஒரே அளவில். எண்ணிக்கொண்டே கட்டினேன்: முந்நூற்றுப் பன்னிரண்டு. சிவப்பு நூலைப் பழைய இடம் பார்த்துக் கட்டிவிட்டேன். குளிக்க வந்த ஒருவர் நின்று பார்த்து, "நல்ல கைப்பழக்கம்" என்றார். அந்த மனிதருக்கு அன்று இரண்டு இட்லி வாங்கிக் கொடுக்கலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்ரோஸ் வலையைத் தொட்டதும் நிறுத்தினார். விரலால் தடவினார். என்னைப் பார்த்தார்.

"இது எனக்க முடிச்சு இல்லல்லோ."

"டாக்டர் வாறாரு அண்ணாச்சி. நல்லா இருக்கட்டும்னுதான்…"

"நல்லாத்தான் இருக்கு. எனக்க அப்பன் கெட்டின மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பெரிய டாக்டர் வந்தார். அதிகம் பேசாதவர். மாமாவின் சிலேட்டைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கொக்கியிலிருந்து வலையை எடுத்து, ஆரம்பித்த முனையைக் கையில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார். ஜெபமாலை உருட்டுகிறவர் போல முடிச்சு முடிச்சாக விரலால் நகர்ந்தார்.

"இங்கே இடது கையால் ஏமாற்றியிருக்கிறார்" என்றார்.

பத்ரோஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். முதல் வாரம் நாங்கள் பார்க்காதபோது அப்படிச் செய்தது உண்மைதான்.

"இங்கே நான்கு நாள் முடிச்சு தளர்ந்திருக்கிறது. காய்ச்சல் வந்ததா?"

சிஸ்டர் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து, "வந்தது, டாக்டர்" என்றார்.

"இதோ, இந்த ஒரு முடிச்சு." அவர் விரல் நின்றது. "இங்கே பெருவிரல் வந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை."

அந்தப் புதன்கிழமை! நான் ஒருவன் மட்டும் பார்த்தது. அன்று அறையிலேயே இல்லாத ஒரு மனிதர், கண்ணை மூடிக்கொண்டு, நூலில் அதைப் பார்த்துவிட்டார். இரண்டு வருஷம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அது ஒரு புத்தகம் என்று எனக்குத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்தவன் என்று எங்கள் வீட்டில் பெயரெடுத்த ஆள் நான்.

விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. என்னுடைய முடிச்சுகளுக்கு வந்தது.

டாக்டர் கண்ணைத் திறந்தார். முகம் மலர்ந்திருந்தது. "இரண்டு வாரத்தில் இவ்வளவா! இது நல்ல கை. சந்தேகமே இல்லை. இன்னொரு தடவை கத்தி வைக்க வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். தேவையில்லை. நாளைக்கே போகலாம்." சிஸ்டரிடம் திரும்பினார். "துணிக்கு வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன்."

சிஸ்டரின் கண்கள் நிறைந்துவிட்டன. பத்ரோஸ் எழுந்து கும்பிட்டார். மாமா மேசையைத் தட்டினார். அந்த அறையில் என்னைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். டாக்டர் தவறாகப் படிக்கவில்லை. அது நல்ல கைதான், ஆனால் என்னுடைய கை.

நான் முன்னால் ஓர் அடி வைத்தேன். பத்ரோஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்து, உதடு அசையாமல் சொன்னார்: "மிண்டாத இரி, பிள்ளே. ஒண்ணும் சொல்லாத. கடல் விளிக்குது. பிள்ளைங்க பட்டினி."

இந்த இடத்தைத்தான் உங்களுக்காக நிறுத்தி எழுதுகிறேன். நோயாளி வேண்டாம் என்கிறார். மேலதிகாரி மகிழ்ந்திருக்கிறார். அறை பிழைத்துவிட்டது. பேசினால் அத்தனையும் போகும். பேசாவிட்டால், மழைக்காலத்து அலையில், நனைந்த கயிற்றில் ஒரு பெருவிரல் நழுவும். கழுவும் தொட்டியில் அவர் கையிலிருந்து குவளை மூன்று தடவை விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போதும் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. மரியம்மையின் தோர்த்து நினைவுக்கு வந்தது. அதை ஒரு வழியாகப் பிடித்துக்கொண்டேன். கொடியிலிருந்த தோர்த்தைத் தண்ணீரில் முக்கி எடுத்து நீட்டினேன்.

"டாக்டர், இவருடைய வீட்டம்மா கேட்டுக்கொண்டது. இதை வலது கையால் பிழியட்டும்."

பத்ரோஸ் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது. வாங்கினார். பிழிந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தோர்த்து அவர் பிடியிலிருந்து மெதுவாக வழுகி, தரையில் சொத்தென்று விழுந்தது.

டாக்டர் தோர்த்தைப் பார்த்தார், வலையைப் பார்த்தார்.

"பிறகு இதை யார் கட்டியது?"

நான் வாயைத் திறக்குமுன் பத்ரோஸ் முந்திக்கொண்டார். "ஞான்தான் சாறே. இடது கையால. வீட்டுக்குப் போக ஆசைப்பட்டு செய்துபோட்டேன். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் அறியாது."

இப்போதுதான் அவரை நான் எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்திருந்தேன். அந்த மனிதர் தம்முடைய கை தோற்ற அதே நிமிடத்தில், அதே கையை நீட்டி என்னை மறைத்தார். நான் கண்ட பெரிய அதிசயம் எது என்று கேட்டால் பெருவிரல் வந்ததைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

"நான் கட்டினேன், டாக்டர்" என்றேன். "நேற்று. இவர் கட்டியதை அவிழ்த்துவிட்டு."

"ஏன்?"

"சுத்தமாக இருக்கட்டும் என்று."

டாக்டர் ஊசியை என்னிடம் கொடுத்தார். கட்டிக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். அதே முடிச்சு.

"தம்பி, எக்ஸ்ரே படத்தில் எலும்பு ஒட்டவில்லை என்றால் பென்சிலால் கோடு போட்டு ஒட்டவைப்பாயா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கை முன்னால் போகிறதா, நின்றுவிட்டதா, திரும்பக் கத்தி வைக்கணுமா என்று எனக்குச் சொல்லியிருக்கக்கூடியது அந்த இரண்டு வாரம்தான். அது இப்போது எங்கே இருக்கிறது?"

கரமனை ஆற்றுப் படிக்கட்டில் என்று சொல்லவா முடியும்?

சிஸ்டர் கத்தரிக்கோலை எடுத்து, பத்ரோஸின் முடிச்சுகள் முடிந்த சிவப்பு நூலை ஒட்டி வலையை வெட்டினார். என்னுடைய பகுதி மேசையில் விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. டாக்டர் போகும்போது வாசலில் நின்று, "அறையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மரியம்மை வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வெள்ளம் சொட்டினதா, சாறே?"

"இல்லை."

"அப்பம் இங்கயே இரிக்கட்டும்" என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்தார். இரண்டடி போய்த் திரும்பினார். "நீ கெட்டின வலையைத் தூர எறியாத. எனக்குத் தா. மீன் பிடிக்க ஆகும்லா."

பத்ரோஸ் வெட்டிய இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மாமாதான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சேதி சொன்னார்: "ஓய் தாணு, அவன் நூல் கேக்கறான், குடும். ஓய் பத்ரோஸ், அவன் கொடுக்கறான், வாங்கும்." எட்டாம் நாள் பெருவிரல் வந்தது. அடுத்த நாளும் வந்தது. பிறகு தங்கிவிட்டது. கத்தி வேண்டியிருக்கவில்லை. நான் அவிழ்த்த முடிச்சுகளிலும் அது வந்திருந்ததா, அவர் முன்னமே தேறிக்கொண்டிருந்தாரா, எனக்குத் தெரியாது. யாருக்கும் இனித் தெரியாது. அந்த இரண்டு வாரத்தைப் படிக்கக்கூடிய ஒரே தாளை நான் கிழித்துவிட்டேன்.

கடைசி நாள் மரியம்மை தாமே தோர்த்தை நனைத்துக் கொடுத்தார். பத்ரோஸ் ஒரே முறுக்கு முறுக்கினார். தண்ணீர் மாமாவின் வேட்டியில் கொட்டியது.

"அடப்பாவி! குளிச்சுட்டுத்தான்யா வந்தேன்!"

"சாமிக்கு ஒரு முழுக்கு கூடுதல். புண்ணியமல்லோ."

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, ரெஜிஸ்டரில் ரேகை வைக்க அவருடைய பெருவிரலை குமாஸ்தா பிடித்துத்தான் உருட்டினார். போகிற அன்று அவரே மையில் தொட்டு, இடமிருந்து வலமாக உருட்டி, கையை எடுத்தார். ஒரு கோடு கலையவில்லை. அப்பாவின் ரேகையைப் பத்திரங்களில் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்த காலம் உண்டு. அன்று அந்தப் பக்கத்தைக் குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தேன்.

அறை இருக்கிறது, நீங்கள் வரப்போகிறீர்கள். சுவரில் கோணலாக எதைக் கண்டாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆன மொத்தக் கணக்கு இது. எனக்கு, சிஸ்டர் சாவியைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்ட நான்கு மாதம். சிஸ்டருக்கு, அறை இருக்குமா போகுமா என்று தெரியாமல் கழிந்த அதே நான்கு மாதம். மரியம்மைக்கு, அந்த மழைக்காலத்தின் நல்ல கோளு அத்தனையும். அவருடைய சகோதரனின் கட்டுமரத்தில் கணவரின் இடத்தில் வேறு ஆள் ஏறிப்போன இருபத்து மூன்று நாள். பத்ரோஸுக்கு, முந்நூற்றுப் பன்னிரண்டு முடிச்சுகள், இரண்டு தடவை.